கடன் கொடுத்துக் கடைத்தேற்றும் கதை

ஏழைப் பெண்ணுக்குக் கூலி உயர்வு வேண்டாம், சிறுகடன் போதும். நிரந்தர வேலை வேண்டாம், மூன்று மாதத் தையல் பயிற்சி போதும். நிலம் வேண்டாம், இரண்டு வெள்ளாடுகள் போதும். உலக வங்கி தொடங்கி ஒன்றிய அரசு வரை, தொண்டு நிறுவனம் தொடங்கிப் பங்குச்சந்தைத் தரகர் வரை, கடந்த முப்பதாண்டுகளாக ஒரே குரலில் ஓதப்பட்டுவரும் பாடம் இது. வறுமையின் வேர் சுரண்டலில் இருக்கிறது என்ற பேச்சுக்கே இப்பாடத்தில் இடமில்லை. கையில் முதல் இல்லாததும் தொழில் தெரியாததுமே ஏழ்மைக்குக் காரணம் என்றும், அவ்விரண்டையும் கொடுத்துவிட்டால் எஞ்சியது அவரவர் முயற்சி என்றும் அது போதிக்கிறது. முயன்றும் கரையேறாதவள் தன்னைத்தானே நொந்துகொள்ள வேண்டியதுதான்.

2023 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து பேசிய பிரதமர், சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த இரண்டு கோடிப் பெண்களை ‘லட்சாதிபதிச் சகோதரிகள்’ ஆக்கப்போவதாக அறிவித்தார். 2024 பிப்ரவரியின் இடைக்கால நிதிநிலை அறிக்கையில் அந்த இலக்கு மூன்று கோடியாக உயர்த்தப்பட்டது. 2025 ஏப்ரலில் முத்ரா திட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டது. 52 கோடிக்கும் மேற்பட்ட கடன்கள் வழங்கப்பட்டதாகவும், கடன் பெற்றோரில் 68 சதவீதத்தினர் பெண்கள் எனவும் ஒன்றிய அரசு பெருமிதம் கொண்டது.

அதே 2025ஆம் ஆண்டின் பிப்ரவரியில், நுண்கடன் வசூலில் நடைபெறும் மிரட்டல்களையும் அவமதிப்புகளையும் தடுக்கக் கர்நாடக அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. தவணைக்கு அஞ்சிக் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறிய செய்திகள் அதற்கு முந்தைய வாரங்களில் அம்மாநிலத்தின் நாளேடுகளில் இடம்பெற்றிருந்தன. சில வாரங்களில் தமிழ்நாடு சட்டமன்றமும் இதே நோக்கில் ஒரு சட்டம் இயற்றியது. விழா மேடையில் தொழில்முனைவோராகப் பாராட்டப்படும் பெண்ணும், தவணை வசூலிப்பவரின் வருகைக்கு அஞ்சும் பெண்ணும் பெரும்பாலும் ஒரே தெருவில் வாழ்பவர்கள். பல நேரங்களில் இருவரும் ஒருவரே.

லட்சாதிபதியின் கணக்கு

‘லட்சாதிபதி’ என்ற சொல்லில் இருக்கும் செல்வம் கணக்கில் இல்லை. அரசின் வரையறைப்படி, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் குடும்ப வருமானம் ஈட்டும் குழு உறுப்பினரே லட்சாதிபதிச் சகோதரி. ஒரு லட்சம் என்பது பெண்ணின் தனி வருமானமன்று, குடும்பம் முழுவதன் வருமானம். ஐவர் அடங்கிய குடும்பத்தில் இது தலைக்கு நாளொன்றுக்கு 55 ரூபாய் ஆகிறது. அந்த 55 ரூபாயில்தான் சோறு, துணி, மருந்து, பள்ளிச் செலவு, பேருந்துக் கட்டணம் யாவும் அடங்க வேண்டும். வறுமைக்கு லட்சாதிபதி என்று பெயர் மாற்றியதன்றி வேறென்ன நடந்திருக்கிறது?

தொழில்முனைவு என்ற சொல்லும் இத்தகையதே. அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, உழைப்புச் சந்தையில் பங்கேற்கும் பெண்களின் விகிதம் 2017-18இல் 23.3 சதவீதமாக இருந்தது, 2023-24இல் 41.7 சதவீதமாக உயர்ந்தது. அரசு இதனை மாபெரும் சாதனையாக விளம்பரப்படுத்துகிறது. ஆனால் இதே காலத்தில், வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் புரிவோரின் பங்கு 51.9 சதவீதத்திலிருந்து 67.4 சதவீதமாக ஏறியது; மாதச் சம்பளம் பெறுவோரின் பங்கு ஏறத்தாழ 21 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகச் சரிந்தது. சுயதொழில் என்ற பெருந்தலைப்பின் கீழ், குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உழைக்கும் ‘உதவியாளர்’களும் அடக்கம். வேலை செய்யும் பெண்களில் மூவரில் ஒருவருக்கும் மேற்பட்டோர் இவ்வகையினர். கணவனின் வயலிலோ மாமனாரின் கடையிலோ காசு காணாமல் உழைப்பவளைச் சுயதொழில் புரிபவள் என்று எழுதிக்கொள்வது புள்ளிவிவரத்திற்கு எளிது. ஒழுங்கான வேலை கிடைக்காமல் போன இலட்சக்கணக்கான பெண்களின் நெருக்கடியே தொழில்முனைவு என்ற பெயரில் மேடையேற்றப்படுகிறது.

பொதுத்துறை வங்கி பின்வாங்கிய இடம்

நுண்கடன் வானத்திலிருந்து விழுந்த கருணையன்று. 1969இல் 14 பெரிய வங்கிகளும் 1980இல் மேலும் 6 வங்கிகளும் நாட்டுடைமை ஆனபின், வங்கிக் கிளைகள் கிராமங்களை எட்டின. மொத்தக் கடனில் 40 சதவீதம் விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குச் செல்ல வேண்டும் என்ற விதி உருவானது. குறைபாடுகள் பல இருந்தும், வட்டிக்கடைக்காரரின் பிடி தளர்ந்த காலம் அது. 1991இல் நரசிம்மம் குழு, முன்னுரிமைக் கடனை 10 சதவீதமாகக் குறைக்கவும் வங்கிகள் இலாபக் கணக்கின்படி இயங்கவும் பரிந்துரைத்தது. 40 சதவீத விதி பெயரளவில் நீடித்தது. ஆனால் கிளைகள் சுருங்கின, சிறுகடன் வங்கி மேலாளர்களுக்குச் சுமையாயிற்று.

வங்கி பின்வாங்கிய அந்த வெற்றிடத்தில்தான் குழுக்கள் நுழைந்தன. நபார்டு வங்கி 1992இல் 500 சுயஉதவிக் குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியது. வங்கதேசத்தில் 1976இல் ஜோப்ரா என்னும் சிற்றூரில் முகமது யூனுஸ் தொடங்கிய முயற்சி 1983இல் கிராமீன் வங்கியாகி, 2006இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றபோது, ஏழைப் பெண் நம்பத்தகுந்த கடனாளி என்ற செய்தி உலக நிதிச் சந்தைக்கு உறுதியாயிற்று. சந்தை அதனைத் தனக்கு வேண்டிய பொருளில் படித்துக்கொண்டது: பிணை கேட்கத் தேவையில்லை, மானமே பிணை.

தொண்டு நிறுவனங்களாகத் தொடங்கியவை வங்கியல்லாத நிதி நிறுவனங்களாக உருமாறின. 2010 ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். நுண்நிதி நிறுவனம் பங்குச்சந்தையில் இடம்பெற்று, பங்கு வெளியீட்டின் வழி ஏறத்தாழ 1,650 கோடி ரூபாய் திரட்டியது. அடுத்த இரண்டே மாதங்களில், 2010 அக்டோபரில், அந்த நிறுவனத்தின் தாய்நிலமான ஆந்திரப் பிரதேசத்தில் அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. கொடுவட்டியும் வற்புறுத்தல் வசூலும் குழுப் பெண்களை வறுமைக்குள் தள்ளுகின்றன, சில நிகழ்வுகளில் தற்கொலைக்கும் இட்டுச்செல்கின்றன என்று அந்தச் சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொண்டது. பங்குச்சந்தையில் கொண்டாட்டமும் குடிசைகளில் சாவும் ஒரே பருவத்தில் நிகழ்ந்தன.

அதன்பின் மூலதனம் பின்வாங்கவில்லை, உரிமம் பெற்று மேலேறியது. 2015இல் ரிசர்வ் வங்கி சிறுநிதி வங்கிகளுக்குக் கொள்கையளவில் ஒப்புதல் அளித்த பத்து நிறுவனங்களில் எட்டு நுண்நிதி நிறுவனங்கள். மாநிலங்களின் கையோ கட்டப்பட்டது. ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களை மாநிலங்களின் வட்டித்தொழில் சட்டங்கள் கட்டுப்படுத்தா என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் வழிநின்று 2023இல் தெலங்கானா உயர் நீதிமன்றம், 2010ஆம் ஆண்டின் ஆந்திரச் சட்டமும் அத்தகைய நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்றது. மக்களின் கூக்குரல் முதலில் எட்டும் மாநில அரசிடம் வட்டியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லை; அதிகாரம் உள்ள ஒன்றிய அமைப்புகளுக்கு அக்கூக்குரல் எட்டுவதில்லை.

தவணையின் கணக்கு

ஆந்திர நெருக்கடிக்குப் பின், மாலேகாம் குழுவின் அறிக்கையை ஒட்டி, 2011இல் ரிசர்வ் வங்கி நுண்கடன் வட்டிக்கு 26 சதவீத உச்சவரம்பு விதித்தது. அந்த வரம்பும் கொடியதே. பின்னர் அது தளர்த்தப்பட்டது; 2022 ஏப்ரல் 1 முதல் வட்டிக்கான உச்சவரம்பு முறையே அகற்றப்பட்டது. வட்டியை அந்தந்த நிறுவனத்தின் நிர்வாகக் குழுவே முடிவுசெய்யலாம். ‘அளவுக்கு மீறி’ இருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. எது அளவு என்பதை விதி சொல்லவில்லை. 2024 அக்டோபரில், அளவுக்கு மீறிய வட்டி என்ற காரணத்தைக் காட்டி நான்கு நிதி நிறுவனங்கள் புதிய கடன் வழங்க ரிசர்வ் வங்கியே தடை விதித்தது. அவற்றுள் இரண்டு நுண்நிதி நிறுவனங்கள். சில மாதங்களில் தடை நீங்கியது. வட்டி வரம்பு திரும்பவில்லை.

இதே 2022ஆம் ஆண்டு விதியில் மற்றொரு கூறு உண்டு. ஆண்டு வருமானம் மூன்று லட்சத்திற்கு உட்பட்ட குடும்பங்களுக்கான பிணையில்லாக் கடனே நுண்கடன். அக்குடும்பத்தின் மொத்தத் தவணைகள் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது. பாதுகாப்பு விதியாகக் காட்டப்படும் இதனைத் திருப்பிப் படிக்க வேண்டும். மாதம் பத்தாயிரம் ரூபாயில் வாழும் குடும்பம் ஐயாயிரத்தைத் தவணையாகக் கட்டுவது இந்நாட்டில் முறையானது, சட்டத்திற்கு உட்பட்டது! எஞ்சிய ஐயாயிரத்தில் எப்படி வாழ்வது என்பதற்கு விதி எதுவும் இல்லை.

ஓர் எளிய கணக்கு நிலைமையை விளக்கும். ஒரு பெண் 40,000 ரூபாயை 24 சதவீதக் குறையும் வட்டியில், 24 மாதத் தவணையில் பெறுகிறாள் எனக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 2,115 ரூபாய். இரண்டாண்டில் அவள் கட்டும் வட்டி 10,750 ரூபாய்க்கு மேல். பரிசீலனைக் கட்டணமும் காப்பீட்டுப் பிடித்தமும் தனி. இதே தொகையை 7 சதவீத வட்டியில் பெற்றால் வட்டி 3,000 ரூபாயைத் தொடாது. 7 சதவீதம் கற்பனை எண்ணன்று. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் மகளிர் குழுக்களுக்கு மூன்று லட்சம் வரையிலான வங்கிக் கடனுக்கு அரசே அறிவித்த வட்டி அது. அப்படியிருக்க, பெண்கள் 24 சதவீதக் கடனை நாடுவது ஏன்? வங்கிக் கடன் தாமதமாகவும் அளவில் குறைந்தும் வருகிறது. நிறுவனத்தின் ஆள் வீட்டு வாசலுக்கே வருகிறார். வங்கிகள் நுண்நிதி நிறுவனங்களுக்குக் கொடுக்கும் கடனையும் முன்னுரிமைத் துறைக் கடனாகக் கணக்குக் காட்ட விதி இடமளிக்கிறது. மக்களின் சேமிப்புப் பணம் வங்கியிலிருந்து நிறுவனத்திற்கு ஒரு வட்டியில் செல்கிறது. நிறுவனத்திலிருந்து பெண்ணுக்கு இருமடங்கு வட்டியில் வருகிறது. வங்கி தன் கடமையை ஏட்டில் முடித்துக்கொள்கிறது. இடைத்தட்டில் இலாபம் திரள்கிறது.

அவர்கள் முன்வைக்கும் வாதங்கள்

நுண்கடனை ஆதரிப்போர் முதலில் கேட்பது, ‘கந்துவட்டிக்காரரைவிட இது மேலல்லவா?’ என்பது. தூக்குக் கயிற்றைவிட விலங்கு மேல் என்பது போன்ற வாதம் இது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதே பிழை. வாரத் தவணை கட்ட முடியாதபோது பெண்கள் எங்கே செல்கிறார்கள்? இரண்டாம் நிறுவனத்திற்கு, மூன்றாம் நிறுவனத்திற்கு, நகை அடகுக் கடைக்கு, இறுதியில் அதே கந்துவட்டிக்காரரின் வாசலுக்கு. நுண்கடன் கந்துவட்டியை ஒழிக்கவில்லை, அதற்கு வாடிக்கையாளர்களைச் சேர்த்துத் தருகிறது.

அடுத்து, தவணைகள் பெரும்பாலும் தவறாமல் கட்டப்படுவதையே வெற்றிக்குச் சான்றாகக் காட்டுவர். கடன் திரும்பி வந்தது என்பதால் தொழில் செழித்தது என்று ஆகிவிடாது. விவசாயக் கூலியிலிருந்தும், கட்டட வேலைக்குச் சென்ற மகன் அனுப்பிய பணத்திலிருந்தும், ஒரு வேளை உணவைக் குறைத்தும் தவணை கட்டப்படுகிறது. கட்டத் தவறினால் குழுவின் மற்றப் பெண்கள் அவள் பங்கைக் கட்ட வேண்டும். ஆகவே மையக் கூட்டத்தில் அண்டை வீட்டுப் பெண்ணே வசூலிப்பவளாக மாறுகிறாள். ஒன்றுபட வேண்டிய வர்க்கத்துப் பெண்களை ஒருவர்மீது ஒருவர் ஏவிவிடும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் ‘கூட்டுப் பொறுப்பு’ என்று பெயர்.

கடனும் தொழிலும் பெண்ணுக்கு வீட்டில் அதிகாரம் அளிக்கின்றன என்பது மற்றொரு வாதம். இதற்கு விடையளிக்க இடதுசாரி அறிஞர்களைத் தேட வேண்டியதில்லை. பின்னாளில் பொருளியல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோர் தம் சக ஆய்வாளர்களுடன் ஹைதராபாத் நகரின் 104 குடியிருப்புப் பகுதிகளில் நடத்திய ஆய்வு 2015இல் வெளியாயிற்று. நுண்கடன் நுழைந்த பகுதிகளில் புதிய சிறுதொழில்கள் சற்றே கூடின. ஆனால் குடும்பங்களின் சராசரி நுகர்வு உயரவில்லை, குழந்தைகளின் கல்வியிலோ உடல்நலத்திலோ வீட்டு முடிவுகளில் பெண்களின் இடத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் காணப்படவில்லை. போஸ்னியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய நாடுகளின் ஆய்வுகளும் இதனையொட்டிய முடிவுகளையே தந்தன. முதலாளித்துவப் பொருளியலின் உச்சியில் இருப்போரே வாழ்வை மாற்றும் ஆற்றல் இதற்கில்லை என்று எழுதிய பின்னும் பிரச்சாரம் நிற்கவில்லை. ஏழைகளுக்குப் பயனளிக்காவிடினும் கடன் கொடுத்தவருக்கு அது பயனளித்துக்கொண்டிருந்தது.

பயிற்சி பற்றிய வாதம் இவற்றினும் மென்மையானது. அதனாலேயே பலரை மயக்குவது. தையல், அழகுக்கலை, ஊறுகாய், அப்பளம், மெழுகுவத்தி எனப் பயிற்சிப் பட்டியல் எந்த மாநிலத்திலும் பெரிதாக மாறுவதில்லை. ஒரு சிற்றூரில் ஒரு பெண் தையல் கற்றால் அவளுக்குப் பிழைப்புக் கிடைக்கலாம். இருபது பெண்கள் கற்றால், தைக்கக் கொடுக்கும் துணி இருபது மடங்கு ஆவதில்லை. இருந்த கூலி இருபதாகப் பிரிகிறது. அவ்வூரில் துணி தைக்கக் கொடுப்பவரும் விவசாயக் கூலியே. அவர் கூலி உயராதவரை தையற்காரியின் வருமானமும் உயராது. ஊறுகாய்க்குப் பெருநிறுவனத்தின் பொட்டலம் போட்டி. தைத்த ஆடைக்கு இணைய வணிகத்தின் மலிவு ஆடை போட்டி. ஒருத்திக்குச் சாத்தியமானது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சாத்தியம் என்று காட்டுவதே இந்தப் பிரச்சாரத்தின் அடிப்படைப் புரட்டு. மேடையில் ஏற்றப்படும் வெற்றிக்கதைகள் உண்மையாகவே இருக்கலாம். அவற்றைப் பொதுவழியாகக் காட்டுவதுதான் பொய்.

வறுமை நீங்கும் வழி

வழி வேறிடத்தில் இருக்கிறது, அதனை அடைத்து வைத்திருப்பது அரசே. பள்ளி மதிய உணவுச் சமையலருக்கு ஒன்றிய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2009 முதல் மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டில் பத்து மாதங்களுக்கு மட்டும். சில மாநில அரசுகள் தம் நிதியிலிருந்து கூட்டிக் கொடுப்பதால்தான் அவர்கள் ஓரளவு பிழைக்கிறார்கள். இப்பெண்களை நிரந்தரப் பணியாளராக்கிக் குறைந்தபட்ச ஊதியம் தந்தால், கடனின்றியே இலட்சக்கணக்கான லட்சாதிபதிகள் உருவாவர். அங்கன்வாடி ஊழியர், ஆஷா பணியாளர் நிலையும் இதுவே. பாதிக்கும் மேல் பெண்கள் உழைத்துவந்த ஊரக வேலை உறுதித் திட்டத்திற்கு 2022-23இன் திருத்திய மதிப்பீட்டில் 89,400 கோடி ரூபாய் இருந்தது. அடுத்த ஆண்டின் நிதிநிலை அறிக்கையில் 60,000 கோடியாக வெட்டப்பட்டது. வேலையைப் பறித்த கை கடனை நீட்டுகிறது.

நிலத்தின் கதையும் வேறன்று. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, சாகுபடி அலகுகளில் பெண்கள் பொறுப்பில் இருப்பவை ஏறத்தாழ 14 சதவீதமே. பயிர்க்கடனுக்குத் தவறாது கட்டுவோர் 4 சதவீத வட்டி செலுத்தினால் போதும். நிலப்பத்திரம் இல்லாத பெண்ணுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. வயலில் நாற்று நடுபவள் 24 சதவீத வரிசையில் நிறுத்தப்படுகிறாள்.

‘அரசிடம் பணம் எங்கே?’ என்று கேட்போர் ஒன்றிய அரசின் நாடாளுமன்றப் பதிலைப் படிக்கலாம். 2014-15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கின. அதில் பெருந்தொழில், சேவைத் துறைகளின் பங்கு 7.41 லட்சம் கோடி. அது தள்ளுபடி ஆகாது, வசூல் தொடரும் என்பது அரசின் விளக்கம். வசூல் தொடரட்டும். ஆனால் எந்தப் பெருமுதலாளியின் வாசலிலும் வசூலிப்பவர் வந்தமர்ந்து, பணம் வரும்வரை எழமாட்டேன் என்று சொன்னதில்லை.

கேரளத்தின் குடும்பஸ்ரீ மாற்றுவழியின் திசையைக் காட்டுகிறது. 1998இல் தொடங்கிய அவ்வமைப்பிலும் சேமிப்பும் கடனும் உண்டு. ஆனால் அயல்கூட்டம், பகுதி மேம்பாட்டுச் சங்கம், சமூக மேம்பாட்டுச் சங்கம் என்ற மூன்றடுக்கில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள், உள்ளாட்சி அமைப்புகளுடன் இணைந்து திட்டமிடுகின்றனர். குத்தகை நிலத்தில் கூட்டாகச் சாகுபடி செய்கின்றனர். உணவகம் முதல் கழிவு மேலாண்மை வரை உள்ளாட்சிகளின் பொதுப்பணிகளில் பங்கேற்கின்றனர். வட்டிக்காரரின் பிடியை உடைக்க 2018இல் பாலக்காட்டில் தொடங்கிய ‘முற்றத்து முல்லை’ திட்டத்தில், கூட்டுறவு வங்கிகள் குடும்பஸ்ரீ வழியே வீட்டு வாசலில் 12 சதவீத வட்டியில் சிறுகடன் அளித்தன. நுண்நிதி நிறுவனங்கள் கேரளத்திலும் இல்லாமலில்லை. ஆயினும் பொதுவிநியோகம், பொதுச் சுகாதாரம், வலுவான கூட்டுறவுகள், உயர்ந்த விவசாயக் கூலி ஆகியவை சூழ்ந்திருக்கும்போதுதான் சிறுகடன் துணையாகிறது. அவை இல்லாத இடத்தில் அதே கடன் சுருக்குக் கயிறாகிறது.

இயக்கத்தின் முன்னுள்ள கடமைகள்

இடதுசாரி இயக்கத்திற்குள்ளும் இரண்டு பிழையான போக்குகள் தலைகாட்டுவதுண்டு. குழுக்களை வெறும் அரசு நலத்திட்டமாகக் கருதி, விண்ணப்பம் நிரப்பித் தருவதோடு அமைவது ஒன்று. கடன் தள்ளுபடி என்ற ஒற்றை முழக்கத்தில் நின்றுவிடுவது மற்றொன்று. அசாமில் 2021 தேர்தலுக்கு முன் நுண்கடன் நிவாரணத்தை வாக்குறுதியாக்கியது பாஜகவே. தள்ளுபடியை ஆளும் வர்க்கக் கட்சியும் அறிவிக்கலாம். வட்டியையும் கூலியையும் அது தொடாது. மறுபுறம், கடனே கூடாது என்பதும் இடதுசாரி நிலைபாடன்று. மலிவான வங்கிக் கடன் உழைக்கும் பெண்களின் உரிமை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். நுண்கடன் வட்டிக்கு நாடாளுமன்றச் சட்டத்தின் வழி உச்சவரம்பு வேண்டும். வற்புறுத்தல் வசூலைத் தண்டிக்கவும் வட்டியைக் கட்டுப்படுத்தவும் மாநிலங்களுக்கு அதிகாரம் வேண்டும். நுண்நிதி நிறுவனங்களுக்குக் கொடுக்கும் கடனை முன்னுரிமைக் கடனாகக் காட்டும் சலுகை ஒழிய வேண்டும். பொதுத்துறை வங்கிகளும் கூட்டுறவுகளும் பெண்களுக்கு நேரடியாக, பயிர்க்கடனைப் போலவே 4 சதவீத வட்டியில் கடன் வழங்க வேண்டும். இவற்றுடன் கூலி, வேலை, நிலப்பட்டா, திட்டப் பணியாளர் உரிமை ஆகிய கோரிக்கைகளும் ஒரே மேடையில் எழ வேண்டும்.

இலக்கு நெருக்கடியில் நாள்தோறும் பல கிராமங்கள் அலையும் வசூல் ஊழியரும் குறைகூலித் தொழிலாளியே. அவரைத் தொழிற்சங்கத்துக்குள் கொண்டுவருவதும் இப்போராட்டத்தின் பகுதி. மாதர் சங்கம், விவசாயத் தொழிலாளர் சங்கம், வங்கி ஊழியர் சங்கம் ஆகியவை தனித்தனியே நடத்திவரும் போராட்டங்கள் இக்கோரிக்கைகளின் மீது இணைய வேண்டிய நேரம் இது. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் எத்தனை நிறுவனங்கள் கடன் கொடுத்துள்ளன, என்ன வட்டி, எத்தனைத் தவணை, எவ்வளவு பிடித்தம் என்று வீடுவீடாகச் சென்று கணக்கெடுப்பதிலிருந்து வேலையைத் தொடங்கலாம். தவணை கட்ட முடியாத பெண் அதனைத் தன் தனிப்பட்ட தோல்வியாக எண்ணி ஒடுங்கிக் கிடக்கிறாள். அடுத்த வீட்டுப் பெண்ணும் அதே நிறுவனத்தின் அதே கணக்கில் சிக்கியிருப்பதை அவள் அறியும் கூட்டத்தைக் கூட்டுவதே கிளையின் முதற்பணி.